வாகனக் கதவைக் கறள் தின்ன விடலாமா?

சீனக்குடாப் பக்கம் போய்வந்தவர்கள் அங்குள்ள பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பார்கள். பிரித்தானியர் தமது ஆட்சிக் காலத்தில் கடற்படைக்காகக் கட்டிய அத்தாங்கிகளில் இன்று 99 எஞ்சியிருக்கின்றன. கீழ்ப்பகுதியிலுள்ள சிலவற்றை 2003 ஆம் ஆண்டு முதல் லங்கா ஐ.ஓ.சி. கம்பனி எடுத்துத் திருத்திப் பெயின்ற் பூசி எண்ணெய் நிரப்பியது. மேற்பகுதியிலிருந்தவை பல தசாப்தங்களாகக் கவனிப்பாரற்று, காடு மூடிக் கறளேறி நின்றன. இரண்டும் இரும்புதான். இரண்டின்மேலும் ஒரே துறைமுகத்து உப்புக் காற்றுத்தான் வீசியது. கவனிப்பு ஒன்றுதான் வித்தியாசம்.

எமது கிராமங்களில் நிற்கும் பழைய ஜீப் வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாங்கிகளின் நினைவு வருகிறது. எஞ்சின் நன்றாக ஓடும். ரயரும் பாதகமில்லை. ஆனால் கதவின் அடிப்பாகம் கறையான் தின்ற பலகைபோல இருக்கும். கையால் தட்டினால் சிவப்புத் தூள் கொட்டும். "கடற்கரை ஊர், வேறென்ன செய்வது?" என்று சொல்லிவிட்டு நாமும் போய்விடுகிறோம். அது தவறு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. கறளுக்குக் கடற்காற்று ஒரு காரணம். எமது அசட்டை அதைவிடப் பெரிய காரணம்.

ஓர் இரவு நடந்தது

இதை நான் பிறருக்குப் புத்தி சொல்லும் நோக்கத்தோடு எழுதவில்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. எமது சங்கத்திடம் ஒரு பழைய லாண்ட் ரோவர் இருந்தது. விதைநெல், பசளை, கூரைத்தகடு, சில நாட்களில் மீன்பெட்டி என எல்லாம் அதில் ஏறும். இரவில் யாருக்கேனும் வருத்தம் என்றால் அதுவே அம்புலன்ஸ்.

மாரிகாலத்து இரவொன்றில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நோவில் அந்தப் பிள்ளை கதவில் சாய்ந்திருந்தது. பாதையில் ஒரு பள்ளம் வந்தது. வாகனம் குலுங்கியதும் கதவு திறந்துகொண்டது. பக்கத்திலிருந்த மாமியார் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இறங்கிப் பார்த்தபோது கதவின் பூட்டு உடையவில்லை. பூட்டைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் கிழிந்திருந்தது. கயிற்றால் கதவை இழுத்துக் கட்டிக்கொண்டு மிச்சத் தூரம் போனோம். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்பினார்கள்.

மறுநாள் கராச்சில் கதவின் உட்தகட்டைக் கழற்றியபோது இரண்டு சிரட்டை அளவுக்குக் கறள் தூளும், சேறும், உக்கிப்போன உமியும் கொட்டின. வேலை செய்தவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "ஐயா, இது ராத்திரி வந்த வருத்தமில்லை. வருசக்கணக்கா உள்ளுக்கை தண்ணி நிண்டிருக்கு. நீங்கள் மேலாலை பெயின்ற் அடிச்சு வடிவு பாத்திருக்கிறியள்."

அவர் சொன்னது உண்மை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னர் வாகனத்துக்குப் பெயின்ற் அடிப்பது எமது வழக்கம். அந்தச் செலவுச் சீட்டுகளில் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். கதவின் அடியிலிருந்த சிறு துவாரங்களை ஒருநாளாவது குத்திப் பார்க்க வேண்டுமென்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அலுமினியக் கதவு ஏன் உக்குகிறது?

"லாண்ட் ரோவர் அலுமினியம்தானே, அதற்கு எப்படிக் கறள் வரும்?" என்று பலர் கேட்பதுண்டு. இந்த வாகனம் முதன்முதலில் 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. யுத்தம் முடிந்த காலமாகையால் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தது. ஆகவே மேற்தகடுகளை அலுமினியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். ஆனால் கதவுக்கு உள்ளேயிருக்கும் சட்டம் உருக்கு. அந்தச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை மடித்துப் போர்த்தியிருப்பார்கள். எமது வருத்தம் அந்த மடிப்பிலேதான் தொடங்குகிறது.

இரும்பும் தண்ணீரும் காற்றும் ஒன்றுசேர்ந்தால் கறள் வரும். இது எல்லோருக்கும் தெரிந்தது. உப்பு இரண்டு விதமாக அதைக் கூட்டுகிறது. முதலாவது, உப்பு கரைந்த தண்ணீரில் மின்னோட்டம் இலகுவாகப் பாய்வதால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். இரண்டாவது, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவே கிடக்கும். மாரிகாலத்தில் உப்புப் போத்தல் கசிவதை எமது பெண்கள் தினமும் காண்கிறார்கள். கதவின் மடிப்புக்குள் நடப்பதும் அதுவே.

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு சிறு பற்றரிபோல வேலை செய்யும். அலுமினியமும் உருக்கும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். பெயின்ற் பொருமி, சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் தெரிந்தால் இதுதான் காரணம். அதே நேரம் பெயின்ற் உரிந்த உருக்குச் சட்டம் தன்பாட்டில் கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அது ஊதி மடிப்பைப் பிளக்க, பிளந்த இடத்தால் இன்னும் தண்ணீர் போகும்.

முழுவதும் உருக்கினாலான ஜப்பானிய ஜீப்புகளுக்கும், இந்திய ஜீப்புகளுக்கும், டபிள் கெப்களுக்கும் இந்தப் பற்றரிச் சிக்கல் இல்லை. ஆனால் தண்ணீர் தேங்கும் சிக்கல் உண்டு. கண்ணாடி இறங்கும் வெடிப்பினூடாக மழைத்தண்ணீர் கதவுக்குள்ளே போவது வழமை. அது அடியிலுள்ள துவாரங்களால் வெளியேறும் என்று கணக்குப் பண்ணியே கதவைச் செய்திருக்கிறார்கள். துவாரம் அடைபட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். வயல் வரம்பில் வாய்க்கால் வெட்டாமல் விட்டால் பயிருக்கு என்ன நடக்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முன்னர் எமது வாகனங்கள் பாதையில் ஏறிக் களப்பைக் கடந்தன. இன்று அந்தச் சிரமம் இல்லை. ஆயினும் கொட்டியாரக் குடாவின் காற்று மாறவில்லை. வாடை வீசும் மாதங்களில் கரையோரத்தில் ஓரிரவு நின்ற வாகனத்தின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். கண்ணாடியில் படிந்தது கதவிடுக்கிலும் படிந்திருக்கும்.

நாம் செய்யும் ஐந்து பிழைகள்

முதலாவது பிழை, கறளின்மேல் பெயின்ற் அடிப்பது. கறளை முழுமையாகச் சுரண்டி எடுக்காமல் பூசும் பெயின்ற் ஒரு மாரிக்குக்கூட நிற்காது. உள்ளே கறள் வளர, வெளியே வாகனம் புதிதுபோலத் தெரியும். ஆபத்து கண்ணுக்கு மறைந்துபோவதே இதிலுள்ள கேடு.

இரண்டாவது, ஓட்டையைப் புட்டியால் அடைப்பது. புட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதற்கு இரும்பின் பலமும் இல்லை. பூட்டும் பிணைச்சலும் பொருந்தும் இடத்தில் புட்டி வைப்பது, ஏறி இருப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, அடித்துவாரத்தை அடைப்பது. தூசி வருகிறது என்று றப்பரும் துணியும் செருகியவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர் சீமெந்தே பூசியிருந்தார். தூசியைத் தடுக்க வேண்டுமானால் கதவைச் சுற்றியுள்ள றப்பரை மாற்ற வேண்டும். துவாரம் தண்ணீர் போவதற்கு உரியது.

நான்காவது, எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலைக் கதவுக்குள் ஊற்றுவது. ஒயில் பட்ட இரும்பு சில காலம் கறள் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் எரிந்த ஒயிலில் அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கும். அது றப்பரைக் கெடுக்கும், தோலுக்கும் கூடாது. துவாரத்தால் வடிந்து நிலத்தில் ஊறினால் கிணற்றுக்குப் போகும். குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற நாம் அதைச் செய்யலாமா?

ஐந்தாவது, வாகனத்தைத் தறப்பாளால் இறுக்கி மூடுவது. தறப்பாள் கொட்டிலில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் அதன் உட்புறம் வியர்த்து முகத்தில் சொட்டும். மூடிய வாகனத்துக்கும் அதுவே நடக்கும். மேலே ஒரு கிடுகுக் கூரையும் நாற்புறமும் காற்றோட்டமும் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

பெரிய செலவில்லாத வேலைகளை முதலில் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவின் அடியையும் குனிந்து பார்த்து, துவாரங்களை ஈர்க்கினாலோ மெல்லிய மரக்குச்சியினாலோ குத்தித் துப்புரவாக்க வேண்டும். கம்பியால் குத்தினால் பெயின்ற் கீறுப்பட்டு அங்கேயே கறள் தொடங்கும். பிறகு மேலே கண்ணாடி வெடிப்பால் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே அடியால் ஓடினால் கதவு சுகமாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே மண் இருக்கிறது. சிவப்பாக வந்தால் உள்ளே கறள் இருக்கிறது.

பழைய லாண்ட் ரோவரில் கண்ணாடி பக்கவாட்டில் நகரும். அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் அடித்தவாளிப்பில் மண் சேர்ந்து பாசியும் முளைத்திருக்கும். அதைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் கிளறிக் கழுவ வேண்டும். மேற்கதவு போல்ட்டில்தான் பூட்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, இரு பாகமும் பொருந்தும் இடத்தைத் துடைத்து, போல்ட்டுக்குக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டலாம்.

மீனோ பசளையோ ஏற்றினால் அன்றே கழுவ வேண்டும். மீன்பெட்டியின் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர். யூரியாத் தூளும் ஈரத்தை இழுக்கும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் எடுங்கள். கரையோரக் கிணறுகளில் பல உவர்க்கிணறுகள். உவர்த்தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுவதாக முடியும். கூரையிலிருந்து பீலியால் பிடித்த மழைத்தண்ணீர் மிக நல்லது. கழுவிய பின் கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் காயவிட வேண்டும். நிலவிரிப்பையும் தூக்கிக் காயப்போட வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, சிறுபோக அறுவடை முடிந்து மாரி தொடங்குமுன், கதவின் உட்தகட்டைக் கழற்றுங்கள். காய்ந்த மண்ணைத் தட்டி எடுத்து, மேலோட்டமான கறளைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் நீக்கிக் கறள்தடுப்பு அடிப்பூச்சு பூச வேண்டும். பொஸ்போரிக் அமிலம் சேர்ந்த கறள்நீக்கி பாவித்தால் கையுறை அணிந்து, பொதியில் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படியே செய்யுங்கள். அலுமினியத்தில் சிவப்பு ஈயப் பூச்சைப் பூசக்கூடாது. அது அலுமினியத்தை அரிக்கும், மனிதருக்கும் நஞ்சு. அலுமினியத்துக்கென உள்ள அடிப்பூச்சைக் கேட்டு வாங்க வேண்டும்.

பூச்சுக் காய்ந்த பின் மடிப்புகளுக்குள் மெழுகு கலந்த கறள்தடுப்புத் திரவத்தை விசிறலாம். அது கிடைக்காத இடத்தில் புதிய கியர் ஒயிலில் சிறிது கிறீஸைக் கரைத்துத் தூரிகையால் மடிப்பில் மாத்திரம் பூசலாம். றப்பரில் படாமலும் துவாரம் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்தகட்டுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் தாள் இருந்திருந்தால் அதைக் கிழித்தெறியாமல் திரும்ப ஒட்ட வேண்டும். கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீனில் அதே அளவுக்கு வெட்டி ஒட்டலாம்.

புதிய தகடோ சட்டமோ போடும்போது அலுமினியமும் உருக்கும் நேரே தொடாதபடி இரண்டுக்கும் தனித்தனியே பெயின்ற் பூசி, இடையில் மெல்லிய றப்பர் நாடாவோ நீர்காப்புப் பசையோ வைக்கச் சொல்லுங்கள். தகட்டு வேலை செய்பவர் சில வேளை, "அது தேவையில்லை" என்பார். தேவை என்று நில்லுங்கள்.

இறுதியாக ஒரு சோதனை. கதவைப் பாதி திறந்து, கைபிடியில் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிணைச்சலோ பூட்டோ பொருந்தியுள்ள தகடு அசைந்தால் அந்தக் கதவுப் பக்கம் எவரையும் இருத்த வேண்டாம். அதைப் பெயின்றால் சரிசெய்ய முடியாது. உக்கிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் ஒட்டவே வேண்டும்.

"போகும்போது பார்ப்போம்"

இவற்றைச் சொல்லும்போது எமது மக்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுண்டு. "நாங்கள் இருக்கிறதே மற்றவன் காணியில். ஊருக்குப் போகும்போது பார்ப்போம்." இந்தப் பேச்சின் பின்னாலுள்ள வேதனையை நான் அறியாதவனல்லன். 2006 ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து வெளியேறியவர்கள் சில கிழமைகளில் திரும்பிவிடுவோம் என்றே நினைத்தார்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் வருடங்கள் கழிந்தன. காணிகள் விடுபட்டது 2015 இலும் 2016 இலும்தான். தற்காலிகம் என்று எண்ணியது ஏறத்தாழப் பத்து வருடங்களாயிற்று.

காணி விடுபடும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த நாள் வரும்போது முதலில் தேவைப்படுவது என்ன? காடு வெட்டும் ஆட்களை ஏற்ற வேண்டும். கூரைத்தகடும் தண்ணீர்த் தாங்கியும் விதைநெல்லும் ஏற்ற வேண்டும். பாதை போடாத ஊருக்குள் போகக்கூடியது இந்தப் பழைய நாலுசில்லு இழுவை வாகனம்தான். காணி எம்மைக் காத்திருக்கும். கறள் காத்திருக்காது. இடம்பெயர்ந்திருப்பவன் தனது பொருளைக் கவனமாக வைத்திருப்பது, இருக்கும் இடத்திலேயே தங்கிவிடச் சம்மதிப்பதாகாது. திரும்பிப் போவதற்கு ஆயத்தமாக இருப்பதாகும்.

"பழையதைக் கட்டி அழுவதைவிடப் புதியது வாங்கலாமே" என்போரும் உளர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. வரியோடு சேர்ந்த விலை ஏழைக் கமக்காரரின் சங்கத்துக்கு எட்டாது. பழைய வடிவ லாண்ட் ரோவரின் உற்பத்தியும் 2016 ஜனவரியோடு நின்றுவிட்டது. எம்மிடமிருப்பதை ஸ்பனரும் பொறுமையும் உள்ள எவரும் கழற்றிப் பூட்டலாம். அந்த வசதியை இலேசாக இழக்கக்கூடாது.

"வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம், அது போதாதா?" என்று ஒருவர் கேட்டார். புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். கதவுக்கு உள்ளே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருடைய வேலை?

பொது வாகனம் எல்லோருடையதும் என்கிறோம். அதனாலேயே அது ஒருவருடைய பொறுப்பும் இல்லாமற் போகிறது. சாரதி ஓட்டுவார், தலைவர் திறப்பை வைத்திருப்பார், பொருளாளர் டீசலுக்குக் காசு கொடுப்பார். கதவின் அடியைக் குனிந்து பார்ப்பவர் இல்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும் என்பது எனது கருத்து. ஒரு சாதாரணக் கொப்பியில் துவாரம் குத்திய திகதி, கழுவிய திகதி, பூச்சுப் பூசிய திகதி ஆகியவற்றை எழுதி மாதக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தகட்டு வேலையும் வெல்டிங்கும் பழக விரும்பும் இளைஞர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இதே வாகனம் பாடசாலையாகலாம்.

உதவி நிறுவனங்களுக்கும், திருச்சபை சார்ந்த நிறுவனங்கள் உட்பட, ஒரு வார்த்தை. வாகனத்தைக் கையளிக்கும் நாளில் மாலையும் படமும் இருக்கும். மூன்றாம் வருடத்துப் பராமரிப்புக்குப் பணம் இருக்காது. வாகனம் கொடுப்பவர்கள் கறள்தடுப்புப் பூச்சுக்கும் ஒருநாள் செயன்முறைப் பயிற்சிக்கும் சேர்த்துத் திட்டம் எழுத வேண்டும். கேட்பவர்களாகிய நாமும் அதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

எமது லாண்ட் ரோவருக்குப் பிறகு இரு முன்கதவுகளுக்கும் புதுச் சட்டம் போட்டோம். அதற்குப் போன காசு பல வருடப் பெயின்ற் செலவை விஞ்சியது. ஈர்க்கு ஒன்றுக்குக் காசில்லை. அந்த இரவில் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வழியில் வாகனத்தைக் கண்டால் கை காட்டும். அப்போதெல்லாம் நான் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன்.

இதை வாசிப்பவர்கள் நாளைக் காலையில் உங்கள் வாகனத்தருகே ஒருமுறை குனிந்து பாருங்கள். துவாரம் அடைபட்டிருந்தால் அப்போதே குத்திவிடுங்கள். உங்கள் சங்கத்தில் வாகனமில்லாவிட்டால், வாகனமுள்ள அயற்கிராமத்துக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இரவில் உங்களை ஏற்றிப் போகப்போவதும் அந்த வாகனம்தான்.